குடைக்குக் கீழே ஒரு குழல்

செவியார் முதலில் செருப்பைக் கழற்றினார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றினார். அதன்பின் மூக்குக்கண்ணாடியையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னும் என்னென்ன கழட்டப் போறீங்க அத்தான்? அந்தம்மா ஜன்னல் வழியாப் பார்த்துக்கிட்டு இருக்காங்க," என்றார் அவருடைய மைத்துனர்.

"கடிகாரம் டிக் டிக்னு அடிக்கும். கண்ணாடியில சத்தம் பட்டுத் தெறிக்கும். கேட்பறைக்குள்ள போறப்போ சுத்தமாப் போகணும் மச்சான்."

"அந்தக் கடிகாரம் நின்னுபோய் ஒரு வருஷமாச்சு."

"நின்ன கடிகாரத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. உன் காதுக்கு எட்டாது."

செவியார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. உயர்தர ஒலி ரசிகர் சங்கம் கொடுத்த பட்டம். அடுத்த தெருவில் குண்டூசி விழுந்தால், அது எந்தக் கம்பெனி ஊசி, தலைப்பக்கமாக விழுந்ததா கூர்ப்பக்கமாக விழுந்ததா என்று அவர் சொல்லிவிடுவார் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான். ஓய்வு பெறும்வரை ஓர் அச்சகத்தில் பிழை திருத்துநராக இருந்தார். யானைக்கூட்டம் தகரக்கூரைமேல் ஓடுவதுபோல் இரையும் இயந்திரங்களுக்கு நடுவே அவருடைய மேஜை. அப்படிப்பட்ட இடத்தில் பாதி ஆயுளைக் கழித்த காது என்னவாகியிருக்கும் என்று சங்கத்தில் எவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குக் காதில் விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஓய்வுக்குப்பின் துப்பறியவும் இறங்கினார். சிலபல வழக்குகளை முடித்தும் இருந்தார். அவற்றில் பாதிக்குமேல், வழக்கைக் கொண்டுவந்தவரையே குற்றவாளி என்று சுட்டிக்காட்டி அடி வாங்காமல் தப்பி வந்தவை.

மைத்துனர், மனைவியின் தம்பி. பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எங்கே போகிறது என்பதை ஊருக்கே ஒலிபெருக்கியில் முழங்கி, ஒருவருக்கும் புரியாமல் பார்த்துக்கொண்ட பெருமை அவருக்கு உண்டு.

கதவு திறந்தது. கேட்பறைக்காரி நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். அழுது முடித்துவிட்டு, அடுத்து யாரைத் திட்டலாம் என்று யோசிக்கிற முகம்.

"வாங்க சார். வாங்கண்ணே. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சங்கத்து ஆளுங்க வர்றாங்க. அதுக்குள்ள எங்க மாமா பொய்யரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்."

* * *

வீட்டின் முன்னறையைத்தான் அவள், காசு கொடுத்து உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் கேட்பறையாக மாற்றியிருந்தாள். சுவரெங்கும் பஞ்சுப் பலகை, ஜன்னலில் போர்வை கனத்துக்குத் திரை. நடுவில் ஒரே ஒரு நாற்காலி. அதன் கால்கள் நகராதபடி தரையில் சுண்ணாம்புக் கோடு. எதிரே ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் எலுமிச்சம்பழம் அளவில் இன்னொரு குட்டி ஸ்பீக்கர். ஓரத்தில் இருந்த ஆம்ப்ளிஃபயரின் மேல், அந்தச் சூட்டுக்கு, ஒரு சாம்பல் நிறப் பூனை தோசைபோல் பரந்து கிடந்தது.

"அந்தக் குட்டி எதுக்குத் தங்கச்சி?" என்றார் மைத்துனர்.

"அது ரொம்ப உச்சத்துல இருக்கிற சத்தத்துக்குண்ணே. மனுஷக் காதுக்குக் கேக்காதது."

"கேக்காத சத்தத்துக்கு ஒரு ஸ்பீக்கர்! எங்கக்கா திட்டுறதுக்கு ஒண்ணு மாட்டணும் அத்தான். உங்களுக்குக் கேக்குறதே இல்லைன்னு சொல்றா."

"எனக்கு இது நல்லாவே கேக்கும்," என்றார் செவியார், குட்டி ஸ்பீக்கரைக் காட்டி. "நீ வழக்கைச் சொல்லும்மா."

அவள் சொன்னாள். அவளுடைய மாமனார் ஒலிப்பதிவாளர். இருபது வருடத்துக்கு முன் ஒரு பழைய மண்டபத்தில், ஒரு புல்லாங்குழல் மேதையின் கச்சேரியை மிக உயர்ந்த தரத்தில் பதிவு செய்தார். உலகத்துக்கு விற்றது அதன் சி.டி.யை மட்டும். மூலப்பதிவை யாருக்கும் தராமல் பூட்டி வைத்திருந்தார். மருமகள் கேட்பறை தொடங்கியபோது, "இது உன் கடைக்கு மூலதனம்" என்று சொல்லி அந்த ஃபைலை அவள் கையில் கொடுத்தார். அதைக் கேட்கத்தான் சங்கமே திரண்டு வருவதாக இருந்தது. மாதாமாதம் இங்கேயே கூடுவதாகவும் பேச்சு. சங்கத்தை விட்டால் இந்த ஊரில் இருட்டறையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேறு பைத்தியம் ஏது?

போன வாரம் சங்கச் செயலாளர் முன்கூட்டியே வந்து கேட்டார். பழைய கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயரைத் தவிர எதையும் மதிக்காததால் அவருக்கு வால்வு என்றே பெயர். தன் சி.டி.யையும் கொண்டுவந்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. உடனே எழுந்தார். "இது மூலப்பதிவு இல்லை. சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டு ஊதிப் பெரிசாக்கினது. உங்க மாமனார் ஏமாத்திட்டார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவர் காதுல கோளாறு இருக்கலாமே," என்றார் மைத்துனர்.

செவியார் திடுக்கிட்டார். "சங்கத்துல அப்படி எல்லாம் பேசக் கூடாது. வித்தியாசம் கேக்கலேன்னா பதிவு மோசம். வயர் மோசம். கரண்ட் மோசம். காது மோசம்னு இதுவரைக்கும் வரலாறே கிடையாது."

"கம்ப்யூட்டர்ல வரைபடம் போட்டுப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும் சார்," என்றாள் அவள். "ஆனா உங்க சங்கத்துச் சட்டம்..."

செவியார் தொண்டையைச் செருமினார். சங்கத்துக்கு ஒரே ஒரு சட்டம்: காதால் கேட்டதே சாட்சி. கருவி, எண், வரைபடம் எதுவும் செல்லாது. 'திரையில் கோடு பார்த்து இசையை அளப்பவன், சமையல் புத்தகத்தை நக்கிப் பசியாறுபவன்' என்று சங்க அறையில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தச் சட்டமும் அந்த வாசகமும் செவியார் எழுதியவை. எழுதிய அன்று தூக்கமே வரவில்லை அவருக்கு, பெருமையில்.

"மாமா என்ன சொல்றார்?"

"மாடியில போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். நேத்துலேருந்து சோறு வேணாங்கறார். பிஸ்கட் மட்டும் பாக்கெட் பாக்கெட்டாக் காணாமப் போகுது. எனக்கு மாமியார் இல்லை சார். அவரும் பொய்யர்னு ஆயிட்டா இந்த வீட்டுல நான் யாரை நம்புறது?"

* * *

"கண்ணைக் கட்டு மச்சான்," என்றார் செவியார். "முதல்ல ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு போடு. எது எதுன்னு சொல்லாதே. நான் சொல்றேன்."

மைத்துனர் துண்டால் அவர் கண்ணைக் கட்டினார். கேட்பறைக்காரி கச்சேரியின் மூன்றாவது உருப்படியை எடுத்துக் கொடுத்தாள். குழல் எழுந்தது. பாதியில் எங்கோ தடால் என்று ஒரு சத்தம்.

"என்னது அது?"

"பூனை சார். கீழே குதிச்சிடுச்சு. சோம்பி! வா இங்கே. அடுப்புல மீன் தீஞ்சாலும் தலையைத் தூக்காது, இப்ப என்னமோ ஸ்பீக்கரைப் பார்த்துப் பல்லை நறநறங்குது."

"பூனையெல்லாம் உள்ளே விட்டா எப்படிம்மா கவனிக்கிறது? சரி, அடுத்தது."

இரண்டாவது முறை ஒலித்தது. அதே இடத்தில் மறுபடியும் தடால். செவியார் பல்லைக் கடித்துக்கொண்டு முடியும்வரை கேட்டார். பிறகு கைகளை விரித்துத் தீர்ப்புச் சொன்னார்.

"முதல் பதிவுல காத்து இருக்கு. குழலோட துளை விளிம்புல விரல்ரேகை பட்டுப் போறது தெரியுது. அவர் காலையில என்ன சாப்பிட்டார்னுகூடச் சொல்லிடலாம். ரெண்டாவது தட்டை. உயிர் இல்லை. பொம்மைக்கடைப் புல்லாங்குழல். முதல்ல வந்தது மூலம், ரெண்டாவது சி.டி."

மைத்துனர் மெதுவாகத் துண்டை அவிழ்த்தார்.

"அத்தான், ரெண்டு தடவையும் ஒரே ஃபைலைத்தான் போட்டேன். மாமனார் கொடுத்ததை."

செவியார் துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைப்பதற்கு நிறைய இருந்தது.

"இப்ப நிஜமாவே சி.டி. போடறேன், கேக்கறீங்களா?"

போட்டார். குழல் அதே மாதிரிதான் இருந்தது. அதே காற்று, அதே விரல்ரேகை, அதே காலைச் சிற்றுண்டி. செவியாரின் வாழ்நாள் கீர்த்தி, ஓட்டை விழுந்த பலூன்போல் புஸ்ஸென்று நாற்காலியில் அமர்ந்தது. ஆம்ப்ளிஃபயர்மேல் திரும்ப ஏறியிருந்த சோம்பி, கடைசிவரை கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"அப்ப அது போலிதானா சார்?" என்றாள் கேட்பறைக்காரி.

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க ஒண்ணுமே சொல்லாம இருக்கறதுதான் அத்தான் இப்போதைக்கு நல்லது," என்றார் மைத்துனர்.

* * *

மாடியறையில் மாமனார் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தலையணையில் பிஸ்கட் தூள்.

"யாரையும் பார்க்க மாட்டேன்."

"நாங்களும் உங்களைப் பார்க்க வரலை. கச்சேரியைப் பத்திக் கேக்க வந்தோம்," என்றார் செவியார்.

கிழவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். கச்சேரி என்று சொன்னால் சுடுகாட்டிலிருந்தும் எழுந்து வருகிற ரகம். "பூட்டிக் கிடந்த மண்டபம்யா அது. மர உத்தரம், ஓட்டுக்கூரை. அப்படி ஒரு எதிரொலி உலகத்துலயே கிடையாது. சாயங்கால வேளை. மின்விசிறி எல்லாத்தையும் நிறுத்தினேன். கேக்க வந்தவனெல்லாம் வேர்த்து வழிஞ்சான், ஒருத்தன் அசையலை. மைக்கை உசரமாக் கம்பத்துல ஏத்தி, உத்தரத்துக்குப் பக்கத்துல வச்சேன். 'குழலைத் தவிர ஈ பறக்கிற சத்தம்கூட இல்லாத பதிவு'ன்னு அட்டையிலேயே போட்டேன். அதைப் போய் அந்த வால்வுப் பய ஊதினதுங்கறான்!"

செவியார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கையிலிருந்த சி.டி. அட்டையைப் பார்த்தார். உலகப் புகழ்பெற்ற படம் அது. மண்டபத்து மேடை. குழல்காரர் கண்மூடி வாசிக்கிறார். பின்னால் ஒருவர், கூரைக்கடியில், அவர் தலைக்குமேல் ஒரு பெரிய கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருக்கிறார்.

சங்கத்தில் இந்தக் குடையைப் பற்றியே ஒன்பது கூட்டம் நடந்திருக்கிறது. ஒலியைச் சிதறவிடாமல் குவித்து மைக்குக்கு அனுப்பும் இரகசிய உத்தி அது என்று ஏகமனதாக முடிவாயிற்று. அன்றிலிருந்து ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிலும் நாற்காலிக்கு மேலே, உத்தரத்தில் ஒரு கறுப்புக் குடை விரிந்தபடி தொங்குகிறது. வால்வு வீட்டில் இரண்டு. செவியார் வீட்டிலும் ஒன்று உண்டு. அதை மாட்டிய நாளிலிருந்து வயலின் நாலு அடி முன்னால் வந்துவிட்டதாக அவர் சங்கத்தில் உரை நிகழ்த்தியிருக்கிறார்.

"இந்தக் குடை எதுக்கு?"

கிழவர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பினார். "அது... ஒரு மரியாதை."

"மழைக்கு மரியாதையா?" என்றார் மைத்துனர்.

செவியாரின் கண் அறையைச் சுற்றியது. காது போனாலும் கண் போகவில்லை. மூலப்படியையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்து, விடுபட்ட ஒரு கால்புள்ளியைக் கண்டுபிடிக்கிற கண் அது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு குடை தெரிந்தது. அதே வளைந்த மரக் கைப்பிடி. எடுத்து மெல்ல விரித்தார். மேற்புறமெங்கும் வெளிறிய பொட்டுப் பொட்டு.

"படத்துல சுத்தக் கறுப்பா இருக்கே. இதுல புள்ளி இருக்கு."

"டிசைன்," என்றார் கிழவர். குடையைப் பிடுங்கி உறைக்குள் திணித்தார். "கிளம்புங்க."

படியில் இறங்கும்போது செவியார் பாதியில் நின்றார். மைத்துனர் அவர் முதுகில் மோதினார்.

"மச்சான். பூனை எப்போ குதிச்சுது?"

"நீங்க விரல்ரேகை பார்த்துக்கிட்டு இருந்தப்போ. ரெண்டு தடவையும் ஒரே இடம்."

"சி.டி. போட்டப்போ?"

"எங்க குதிச்சுது? குறட்டைதான்." மைத்துனர் ஒரு கணம் அவரை உற்றுப் பார்த்தார். "அத்தான், உங்க முகம் சரியில்லை. யாரைக் குற்றவாளின்னு சொல்லப் போறீங்க? அந்தப் பொண்ணையா?"

"இல்லை. நான் எழுதின சட்டத்தை வச்சே தப்பிக்கப் போறேன்."

* * *

ஐந்து மணிக்குச் சங்கம் வந்தது. ஏழெட்டுப் பேர். எல்லோரும் செருப்பு, கடிகாரம், சாவிக்கொத்து முதலியவற்றை வாசலில் குவித்துவிட்டு, திருடர்கள்போல் பூனைநடை நடந்து உள்ளே வந்தார்கள். வால்வு உயரமான மனிதர். துக்க வீட்டுக்கு வந்தவர்போல் முகத்தை வைத்திருந்தார்.

"செவியார், நீங்க கேட்டுட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். உங்க காது என்ன சொல்லுது?"

"என் காது ஒண்ணும் சொல்லலை," என்றார் செவியார்.

நாற்காலி நகர்ந்தால்கூட அவ்வளவு அதிர்ச்சி வந்திருக்காது. கேட்பறைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப முடிஞ்சுது. போலி," என்றார் வால்வு. "வரைபடம் ஏதும் காட்டிடாதீங்க. சட்டம் உங்களுதுதான்."

"வரைபடம் இல்லை. காதால கேட்ட சாட்சியே கொண்டுவந்திருக்கேன்."

"யாரோட காது?"

செவியார் ஆம்ப்ளிஃபயரைச் சுட்டினார். சோம்பி ஒரு காதை மட்டும் மடக்கிக் காட்டியது.

சங்கம் சிரித்தது. சத்தம் வராமல் சிரிக்கப் பழகியவர்கள் ஆகையால், தோள்கள்தாம் குலுங்கின.

"சட்டத்துல மனுஷக் காதுன்னு எங்கேயாவது இருக்கா? எழுதினவன் நான்தான், எனக்குத் தெரியும். வால்வு சார், நீங்களே திரைக்குப் பின்னால போங்க. ஃபைலும் சி.டி.யும் உங்க கையில. மூணாவது உருப்படி. எதை வேணும்னாலும் எத்தனை தடவை வேணும்னாலும் போடுங்க. எங்ககிட்டே சொல்ல வேணாம். பூனை சொல்லும்."

வால்வு போனார். குழல் எழுந்தது. சோம்பி தூங்கியது.

"சி.டி.," என்றார் செவியார்.

மறுபடி குழல். பாதியில் சோம்பியின் காது விறைத்தது. தலை நிமிர்ந்தது. இடப்பக்கத்துக் குட்டி ஸ்பீக்கரை வெறித்துப் பார்த்துப் பல்லை நறநறவென்று கடித்தது. பிறகு தடால்.

"மூலம்."

வால்வு மாற்றினார். மாற்றுவதுபோல் பாவனை காட்டிவிட்டு மாற்றாமலும் போட்டார். ஒருமுறை இருமிப் பார்த்தார். பூனை ஒருமுறைகூடத் தவறவில்லை. கடைசியில் திரையை விலக்கிக்கொண்டு வந்தபோது அவர் முகம் ஃபியூஸ் போன வால்வுபோல் இருந்தது.

"எப்படி?"

"சி.டி.க்குக் கதவு தாழ்வு. ஓர் உயரத்துக்கு மேல இருக்கிற சத்தம் அதுக்குள்ள நுழையாது. நம்ம காதுக்கும் அந்த உயரம் போதும், என் காதுக்கு அதுல பாதியே அதிகம். சி.டி.யை ஊதிப் பெரிசாக்கினா விட்டுப்போனது திரும்பி வருமா? சட்டையைப் பெரிசாத் தைச்சா உடம்பு வளராது. ஆக, இந்த ஃபைல்ல நமக்குக் கேக்காத உச்சத்துல ஏதோ இருக்குன்னா, இது மூலம்தான். பூனைக்கு அது கேக்குது. வெறும் கேக்கறது இல்லை, பல்லைக் கடிக்குது. பூனை எதைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும்? இரையைப் பார்த்து."

"குழலுக்குள்ள எலியா?" என்றார் ஓர் உறுப்பினர்.

"பூட்டிக் கிடந்த மண்டபம். சாயங்காலம். மர உத்தரம். தலைக்குமேல குடை. முடிஞ்சப்புறம் குடைமேல புள்ளி. புறாவா இருந்தா முனகல் சி.டி.யிலேயே கேட்டிருக்கும். சத்தம் போட்டுக்கிட்டே பறக்கும், ஆனா மனுஷனுக்குக் கேக்காது. அது யாரு?"

"வௌவால்!" என்றாள் கேட்பறைக்காரி.

"ஆமாய்யா, வௌவால்தான்!"

எல்லோரும் திரும்பினார்கள். மாடிப்படியில் மாமனார் நின்றிருந்தார். மூக்கு விடைத்திருந்தது.

"தெரிஞ்சுமா மாமா சொல்லலை?" என்றாள் மருமகள். "நான் ஒரு வாரமா அழுதுக்கிட்டு இருக்கேனே!"

"ஈ பறக்கிற சத்தம்கூட இல்லைன்னு அட்டையில போட்டுட்டு, உள்ளே வௌவால் இருக்குன்னு எந்த வாயால சொல்றது? இருபது வருஷமா அதுக்குப் பயந்துதான் மூலத்தை வெளியே விடலை. இந்த மாதிரி தங்கக்காதுக்காரங்க கேட்டுக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு நடுங்கிக்கிட்டு இருந்தேன்." அவர் சங்கத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒருத்தனுக்கும் கேக்கலைன்னு இப்பத்தானே தெரியுது!"

தங்கக்காதுகள் தரையைப் பார்த்தன.

"பொய்யன்னு சொன்னதுகூட எனக்கு வலிக்கலைம்மா. சி.டி.ன்னு சொன்னான் பாரு, அதுதான்." கிழவர் மீதிப் படிகளையும் இறங்கினார். "சோறு இருக்கா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள். வால்வு கிழவரின் முன் போய் நின்று கைகூப்பினார். மாதக் கூட்டம் இனி இங்கேதான் என்று தீர்மானம் நிறைவேறியது. சோம்பியைச் சங்கத்தின் தலைமைச் செவியாக நியமித்தார்கள். பழைய தலைமைச் செவி அதை முன்மொழிந்தார். பிறகு வால்வு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப அந்தக் குடை... ஒலியைக் குவிக்கிறதுக்கு இல்லையா?"

"எச்சத்துக்கு," என்றார் மைத்துனர்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு உத்தரத்தை நினைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்தால், வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. கேட்பறைக்குள் பஞ்சுப் பலகையால் மழையே கேட்கவில்லை. உயர்தர ஒலி ரசிகர் சங்கம் முழுவதும் தகரத் தாழ்வாரத்தின்கீழ் ஒண்டிக்கொண்டு நின்றது. ஒருவர் கையிலும் குடை இல்லை. எல்லாக் குடைகளும் வீட்டில், ஒரு துளி மழை படாமல், விரிந்து தொங்கிக்கொண்டிருந்தன.

மாமனார் ஒரு கையில் சோற்றுத் தட்டோடு வாசலுக்கு வந்தார். மறு கையிலிருந்த பிளாஸ்டிக் உறையை நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க செவியார். உங்களுக்குத்தான். இருபது வருஷமாக் கழுவலை."

செவியாரும் மைத்துனரும் அந்தப் புகழ்பெற்ற குடையை விரித்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். துணிமேல் மழை படபடவென்று அறைந்தது.

"எப்படி அத்தான்?" என்றார் மைத்துனர். "ஒலி குவியுதா?"

செவியார் நின்றார். கண்ணை மூடினார். காதைக் கூர்மையாக்கிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். முழங்கால்வரை நனைந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"குவியுது மச்சான்."